இரண்டாவது பூட்ஸ்

லோர்னா கிவெலா அந்த வாரம் முழுக்க வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். சத்தியம் எதுவும் செய்யவில்லை; செய்தால் காப்பாற்ற முடியாது என்று அவளுக்கே தெரியும். திங்கட்கிழமை தலைமை நர்ஸ் கொலீன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை டாக்டரோட மல்லுக்கு நின்னே, உன்னைக் கீழே தடுப்பூசி போடுற இடத்துக்கு மாத்திடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லடி."

இருபத்தேழு வருஷம். மின்னசோட்டாவின் வடக்கு மூலையில் அந்த ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவு ஒரே ஒரு அறையாக இருந்த காலத்திலிருந்து அவள் அங்கே நிற்கிறாள். சுரங்க லாரியில் அடிபட்டவர்கள், ஏரியில் பனி உடைந்து உள்ளே போனவர்கள், பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலை மரத்தில் மோதியவர்கள் எல்லோரும் அவள் கை வழியாகத்தான் போனார்கள். சிலர் வீட்டுக்கு, சிலர் வேறு இடத்துக்கு. "உனக்கு என்னைவிட அந்த ரூம்தான் பிடிக்கும்" என்பான் அவள் புருஷன் ரெய்னோ. அவள் மறுத்ததில்லை.

ஒவ்வொரு மே மாதமும் நர்ஸுகள் வாரம் வரும். டாக்டர்கள் சார்பில் பீட்சாவும், 'நீங்களே எங்கள் இதயத்துடிப்பு' என்று அச்சடித்த பேனாவும் வரும். பீட்சா ஆறிப்போயிருக்கும், பேனா எழுதாது. வருஷம் பூராவும் நர்ஸ் சொல்வதைக் காதில் வாங்காதவர்கள் கொடுக்கும் அந்த நன்றியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு மரம் வெட்டும் ஆள் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். டெல்பர்ட் லாகாஸ், வயது முப்பத்தொன்று. கிளை முறிந்து இடது விலாவில் அடித்திருந்தது. நன்றாகவே பேசிக்கொண்டிருந்தான். லோர்னா அவன் சட்டையையும் பேண்ட்டையும் கத்தரியால் வெட்டியபோது சும்மா கிடந்தவன், கத்தரி காலுக்குப் போனதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"மேடம், மேடம், பூட்ஸை மட்டும் விட்டுடுங்க! பொறந்த நாளுக்கு என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது. போட்டு ஒரு மாசம்கூட ஆகல."

"சரி ராசா, வெட்டல. படு."

விதிப்படி வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்துக் காட்டு வேலைக்காரர்களில் பூட்ஸுக்காகச் சண்டை போடாத ஆளை அவள் பார்த்ததில்லை. சண்டை போடத் தெம்பு இருக்கிற வரைக்கும் அவளுக்கும் நிம்மதிதான். வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, முழுசாகக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

டாக்டர் மெய்னர்ட் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தெற்கே பெரிய நகரத்து ஆள், சுறுசுறுப்பான கை, கண் மட்டும் எப்போதும் மானிட்டர் திரையில். வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை நகர்த்திப் பார்த்தார்.

"தெளிவா ஒண்ணும் தெரியல. பிரஷர் நூத்திப் பதினெட்டு, நல்லாத்தான் இருக்கு. ஸ்கேனுக்குக் கொண்டுபோயிடலாம்."

ஸ்கேன் அறை நீண்ட நடையின் அந்தக் கோடியில். போய், மெஷினுக்குள் படுக்கவைத்து எடுக்க எப்படியும் இருபது நிமிஷம்.

லோர்னா இடது பூட்ஸுக்கு வந்தாள். கயிற்று முடிச்சு பனியில் இறுகிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் கத்தரியை உள்ளே விட்டாள். இப்போது கத்துவான் என்று காத்திருந்தாள். தோல் கரகரவென்று கிழிந்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"டெல்பர்ட், உன் பூட்ஸை வெட்டுறேன்ப்பா."

"ம்... பரவால்ல... தண்ணி குடுங்க."

லோர்னா கத்தரியைக் கீழே போட்டாள். அவன் பாதத்தைப் பிடித்தாள். ஏரியிலிருந்து அப்போதுதான் இழுத்துப்போட்ட மீன் போல இருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். நாடியே இல்லை. திரையில் மட்டும் நூற்றிப் பதினெட்டு ஜம்மென்று நின்றது. அதன் பக்கத்தில் சின்னதாக இருந்த நேரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷத்துக்கு முந்தைய கணக்கு. அதற்குப் பிறகு பிரஷர் பார்க்கும் கைப்பட்டை அளக்கப் பார்த்துத் தோற்றுப்போய், பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டர், அந்தப் பிரஷர் பழசு."

"போற வழியில திரும்பப் பாத்துக்கலாம். தள்ளுங்க."

உதவியாளர்கள் இரண்டு பேர் தள்ளினார்கள். கட்டில் நகரவில்லை. குனிந்து பார்த்தால், பிரேக்கை மிதித்தபடி லோர்னாவின் கால்.

"காலை எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

வாசலில் நின்ற கொலீன், "லோர்னா..." என்றாள், கெஞ்சுகிற குரலில்.

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "இது நீங்க எடுக்குற முடிவு இல்ல."

"இல்லதான். உங்க முடிவுதான். அவன் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு எடுங்க. நாடி இருந்துச்சுன்னா நானே கட்டிலைத் தள்ளிட்டு வர்றேன். அப்புறம் கீழே போய் ஊசி போடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த நொடியில் அவளுக்கே சந்தேகம் வந்தது. பனியில் கிடந்தவனுக்குக் கால் சில்லிடாமல் என்ன செய்யும்? குளிரில் சுருங்கிய கையில் நாடி தட்டுப்படாமல் போவதும் உண்டு. தப்பாக இருந்தால், வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் அவள் தலையில்தான் விடியும்.

டாக்டர் வெடுக்கென்று டெல்பர்ட்டின் மணிக்கட்டைப் பிடித்தார். விரலை மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். கழுத்தைத் தொட்டார். அல்ட்ராசவுண்டை இழுத்து இடது விலாவுக்கடியில் அழுத்தினார். முன்பு ஒன்றும் தெரியாத இடத்தில் இப்போது ரத்தம் கறுப்பாகத் தேங்கியிருந்தது.

"ரத்தம் கொண்டாங்க. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் பண்ணுங்க, நேரா அங்கதான் வர்றோம்."

லோர்னா காலை எடுத்தாள்.

மத்தியானம் ஒன்றரைக்கு அவள் சாமான் அறையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மெய்னர்ட் வந்தார். தொப்பி கையில் கசங்கியிருந்தது.

"பொழைச்சுட்டான். மண்ணீரல் ரெண்டா பொளந்திருந்துச்சு. ஸ்கேனுக்குப் போயிருந்தா அந்த மெஷினுக்குள்ளேயே உயிர் போயிருக்கும்." தொப்பியை மேஜைமேல் வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது பூட்ஸை வெட்டினேன். அவன் சண்டை போடல."

அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. சலைன் பைகள் இருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "நான் திரையைப் பாத்தேன், ஆளைப் பாக்கல. நடந்ததை அப்படியே எழுதி, என் பேரைப் போட்டுக் கொலீன்கிட்ட குடுத்துட்டேன். நீங்க எங்கயும் போகப் போறதில்ல. நன்றி லோர்னா."

லோர்னா ஊசிப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். "சரி. மே மாசம் அந்தப் பேனாவை மட்டும் குடுத்துடாதீங்க டாக்டர்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, பனிச்சாலையில் கார் வழுக்கிக் கவிழ்ந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். எல்லாம் பார்த்தாயிற்று. "ஸ்கேனுக்குப் போகலாம்" என்று கட்டிலின் கம்பியில் கை வைத்த மெய்னர்ட், அப்படியே நின்று திரும்பினார்.

"லோர்னா, போகலாமா?"

அறையே அவளைப் பார்த்தது. இருபத்தேழு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. கேட்டதும்தான் அதன் கனம் அவளுக்கு உறைத்தது. இனி ஏதாவது ஆனால் அதில் அவளுக்கும் பங்கு உண்டு. போர்வைக்குள் கையை விட்டு டீச்சரின் பாதத்தைப் பிடித்தாள்.

"ஐயோ, என்ன கை இது, ஐஸ் மாதிரி! எடுங்க அதை!" என்று டீச்சர் சீறினாள்.

"போகலாம் டாக்டர்" என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள் லோர்னா.