பொன்னாடைக்குள் ஒரு டிஃபெண்டர்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் புது மெஷின் ஒன்று வந்தது. அதைப் பொருத்திக் கொடுக்கச் சீனாவிலிருந்து ஒருவர் கூடவே வந்து, மாதக்கணக்கில் தங்கினார். மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில்தான் தெரிந்தது, மனிதர் ஒரு காலத்தில் தன் நாட்டுக் கால்பந்து அணியில் டிஃபெண்டர். இப்போது மச்சினர் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் நட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஏன் ஆட்டத்தை விட்டீங்க?" என்று கேட்டேன். அவருடைய ஆங்கிலத்தையும் என்னுடையதையும் சேர்த்தால் ஒரு முழு ஆங்கிலம் தேறும். அதில் அவர் சொன்னது இது: ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பையன் அவரோடு மோதாமல் ஒதுங்கி வழி விட்டானாம். சீனியர் என்ற மரியாதையாம். "மோதுறதுக்குக்கூட லாயக்கில்லாதவன்னு ஆயிட்டேன். அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?" என்றார். தட்டில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது, எழுந்து போய்விட்டார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனி சங்கச் செயலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "இன்டர்நேஷனல் பிளேயரா! ஸ்போர்ட்ஸ் டேக்கு அவர்தாம்மா சீஃப் கெஸ்ட்," என்று குதித்தார். சீனக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நிஜமாவே ஆடுவாங்களா?" நிஜமாகவே ஆடுவார்கள் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அழைத்து வந்தேன்.

முதலில் குத்துவிளக்கு. பிறகு பந்துக்குக் குங்குமம் வைத்து, புது வண்டி மாதிரி அடியில் ஒரு எலுமிச்சம்பழம். செயலாளரின் வரவேற்புரை முடியும்வரை சீஃப் கெஸ்ட் கழுத்தில் மாலையோடு நின்ற இடத்திலேயே குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு ஆசை.

விசில் ஊதியதும் பந்து அவர் காலுக்கு வந்தது. எதிரணி மொத்தமும் தேருக்கு வழி விடுவதுபோல இரண்டாகப் பிரிந்தது. கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அண்ணன்தான் கோல்கீப்பர். அவர் கம்பத்தோரம் ஒதுங்கிக் கைகூப்பி நின்றார். கோல்! உடனே பொருளாளர் ஓடிவந்து ஒரு பொன்னாடை போர்த்தினார். அடுத்த கோலுக்கு இன்னொன்று. எல்லாம் சங்க பீரோவில் தூங்கிக்கிடந்த பழைய பொன்னாடைகள், மைதானமே அந்துருண்டை வாசனை. நாட்டுக்காக ஆடி ஒரு கோல்கூடப் போடாத மனிதர் எங்கள் காலனியில் போட்டுத் தள்ளினார். வேண்டுமென்றே பந்தை எதிரணிக்குத் தட்டிவிட்டுப் பார்த்தார். "சார், உங்க பால்," என்று பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் கம்பத்தருகே ஓடினேன். "ஏண்ணா பிடிக்க மாட்டேங்கறீங்க?"

"நான் இன்னாக்கா பண்றது? சீஃப் கெஸ்ட் மேல யார் காலும் படக்கூடாதுன்னு செகரட்டரி சார் ஆர்டர். புட்ச்சா பேஜார் ஆயிடும். அம்மாந்தொலைவிலேர்ந்து வந்துகீறாரு, பாவம், போட்டுக்கினு போட்டும்."

பாவமா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பினால், அவர் நடு மைதானத்தில் பொன்னாடை மூட்டையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிஜமா ஆடுவாங்கன்னு சொன்னீங்களே," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் காலடியில் இருந்த பந்தைத்தான் குறிவைத்தேன். பாதி பந்து, பாதி அவர் முழங்கால். சீஃப் கெஸ்ட் பொன்னாடைகளோடு மண்ணில் உருண்டார்.

"மேடம்! இது ரெண்டு நாட்டுப் பிரச்சினை ஆயிடும்!" என்று செயலாளர் மைக்கிலேயே அலறினார். என் கணவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

நான் பந்தோடு ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்படி ஓடியதே இல்லை. பின்னால் பொன்னாடைகளைப் பிய்த்து எறியும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஒரு தோள் என்னை இடித்தது. குப்புற விழுந்தேன், வாயெல்லாம் ராஜகீழ்ப்பாக்கத்து மண்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பந்து அவரிடம் இருந்தது. ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டோமே என்ற பதற்றமோ, கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டுமென்ற எண்ணமோ துளியும் இல்லாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார். முழங்கை எரிந்தது. அவ்வளவு மரியாதையாக என்னை அதுவரை யாரும் நடத்தியதில்லை.