ஏகாம்பரம் செய்த சீமை நாற்காலி

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் விடுதியில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. யாருக்கு இன்று வயிறு இளகியது, யாருக்கு மூன்று நாளாக அசையாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் தினமும் குறிக்கப்படும். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மேட்ரன் அம்மாள் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுக்கும்போதுகூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது" என்பார். நம் செஞ்சியில் நிலைமை நேர் எதிர். எழுதிவைக்க ஆளில்லை. ஆனால் கடைத்தெருவில் எதிர்ப்படுகிற எவரும் பெரியவர்களைப் பார்த்து, "இன்னா, காலைல வெளிக்குப் போச்சா?" என்று நாலு பேர் காதில் விழவே விசாரிப்பார்கள். மழையைப் பற்றி நாம் பேசுவதில்லை. பெய்தால்தானே பேசுவதற்கு.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலையில் இருந்தவன், சீமைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது. கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். நான் அங்கே டாக்டர் என்று செஞ்சி பஜாரில் ஒரு பேச்சு உலவியது. அதைக் கிளப்பியது நான் இல்லை. மறுக்காமல் இருந்தது மட்டும்தான் நான். உண்மையில் என் வேலை கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்குவது, உட்காரவைப்பது, துடைப்பது, மறுபடி படுக்கவைப்பது. பெற்ற பிள்ளைகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பூங்கொத்தோடு வந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எனக்கு முதலில் அவர்கள்மேல் பயங்கரக் கோபம் வந்தது. பிறகு, நான் யாருடைய பிள்ளை, எத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து, கோபத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த வருஷம் விடுதியில் புதிதாக மின்சார மணி போட்டார்கள். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு பொத்தான். அமுக்கினால் நடைக்கூடத்தில் சிவப்பு விளக்கு எரியும், நாங்கள் ஓடவேண்டும். பெரிய மனிதர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். விளக்குதான் எரியவில்லை. கூப்பிட்டுத் தொந்தரவு கொடுப்பது மரியாதைக் குறைவு என்று அத்தனை கிழவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மிஸ்டர் ஹார்ட்லி என்று ஒருவர், ரயில்வேயில் இருந்தவர், மத்தியானத்துக்கு மேல் டீயைத் தொடுவதில்லை. நம் ஊர்ப் பழக்கத்தில் ஒருநாள், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். "ஏன், வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்றார் சந்தேகமாக. இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு அன்பு என்று பொருள் கிடையாது போலும் என்று விட்டுவிட்டு, நேராகவே கேட்டேன்: பாத்ரூம் போக ஆள் வேண்டுமே என்றுதான் டீயை விட்டீர்களா? அவர் காது நுனிவரை சிவந்துபோய், ஜன்னலைப் பார்த்து, இன்று காற்று பலம் என்றார். அன்றிலிருந்து அவர் மணி அடிக்காமலே நான் போய் நின்றேன். அவரும் சாயங்கால டீயை மறுபடி குடிக்க ஆரம்பித்தார்.

இந்த ஒரு பாடத்தைத்தான் நான் சீமையில் உருப்படியாகப் படித்தேன். அதற்கும் வேளை வந்தது. பனமலையில் வாழ்க்கைப்பட்ட சரசு அக்கா அப்பாவைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நைனா சோற்றைக் குறைத்துவிட்டார், ஒருவேளை மட்டும் கொறிக்கிறார், தண்ணீர்கூடக் கேட்பதில்லை, எலும்பும் தோலுமாய் ஆகிவிட்டார், எங்களோடு வந்து இரு என்றால் பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பேனா என்று சண்டைக்கு வருகிறார், நீ வந்து ஏதாவது செய், இல்லையென்றால் காரியத்துக்குத்தான் வருவாய். நான் லீவு போட்டு விமானம் ஏறினேன்.

செஞ்சிக்கு வந்தால், நைனாவுக்கு வைத்தியம் பார்க்காத ஆள் ஊரில் இல்லை. பித்தம் என்று லேகியம் வந்திருந்தது. திருஷ்டி என்று வாசலில் பூசணிக்காய் தொங்கியது. அம்மா போன ஏக்கம் என்றார் ஒருவர். அம்மா போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஏக்கத்துக்கு அவ்வளவு தாமதமாகவா பஸ் கிடைத்தது என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்து பார்த்து, "ஐயோ, இப்டி எளைச்சிட்டீங்களே" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் ஊரில் வந்து பார்க்க ஆளில்லை, நம் ஊரில் வருகிறவர்கள் பார்க்க மட்டும்தான் செய்கிறார்கள்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஏகாம்பரம் ஆசாரிதான் விஷயத்தைச் சொன்னான். என் வயதுக்காரன், மரவேலை செய்பவன். நைனா தினமும் விடியற்காலையில் செம்போடு கோட்டை அகழிப் பக்கம் போய்வருவார். போன தலைமுறைக் கிழவர்களும் அங்கேதான் போனார்கள். எத்தனையோ ராஜாக்கள் அடித்துக்கொண்டு செத்த கோட்டை, கடைசியில் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒதுங்க மறைவாக மட்டுமே பயன்பட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் நைனா அங்கே குந்தியவர் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. புல்லறுக்கிற பெண்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தும் கூப்பிடவில்லை. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்திருக்கிறார். தேடிப்போன ஏகாம்பரம்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு" என்றான். "அதான் நான் யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லலன்னு வெச்சிக்கோ."

எனக்குப் புரிந்துவிட்டது. என் நைனா, பஜாரில் கயிறும் வாளியும் விற்று, எதிர்க்கடைக்காரனை ஒரு முறைப்பில் அடக்கிய மனிதர், குந்த வேண்டிவருமே என்ற பயத்தில் பட்டினி கிடந்தார். அங்கே டீயை விட்டவருக்கும் இவருக்கும் வித்தியாசமே இல்லை. கொல்லைப்புறம் போய்ச் சற்று நேரம் அழுதேன். பிறகு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, விடுதியில் இருப்பதைப் போல நடுவில் ஓட்டை போட்ட நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் கரியால் வரைந்து காட்டினேன். கொல்லையில் குழி வெட்டி, சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டி, குழிக்குமேல் நாற்காலியைப் போட்டுவிட வேண்டியது. முடிந்ததும் கொஞ்சம் சாம்பல் தூவினால் போதும். குழி நிறைந்தால் மூடிவிட்டு நாற்காலியை நாலடி நகர்த்தலாம்.

சாதாரணமாகச் செய்யச் சொன்னேன். ஆனால் ஏகாம்பரத்துக்குச் சாதாரணமாக ஒன்றைச் செய்ய வராது. தேக்கில் செய்தான். கைப்பிடியில் இரண்டு கிளி செதுக்கினான். ஓட்டை வெறும் ஓட்டையாக இருப்பது மூளியாகத் தெரிகிறதென்று, அதன்மேல் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு மூடிப் பலகையும் செய்து, அதில் தாமரை வேறு. வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கியபோது, அதைவிட நல்ல நாற்காலி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

நைனா சுற்றிவந்து பார்த்தார். மூடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏண்டா, கச்சேரில ஒக்கார்ற மாதிரி நாக்காலில ஒக்காந்தா எப்டிடா வரும்?" என்றார். கொல்லைக்குக் கொண்டுபோகவும் விடவில்லை.

"வெள்ளக்காரக் கெழவனுங்களுக்கு இதத்தான் செய்யறியா நீ? டாக்டர் இல்லியா?"

"இல்ல நைனா. தூக்கி ஒக்காரவெப்பேன், கழுவி விடுவேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லா செய்யறியா?"

"செய்யறேன்."

"அப்ப சரி. ஆனா என்னக் கழுவற வேலையெல்லாம் வேணாம். மவன் அப்பனக் குளிப்பாட்டறது அப்பன் செத்தப்புறந்தான். அதுக்கு இன்னும் நாள் கெடக்குது. கட்டில்லருந்து வேணா தூக்கிவுடு."

அந்த மட்டில் அனுமதி கிடைத்தது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் தூக்கிவிட்டேன். அவ்வளவு லேசாக இருந்தார். நாற்காலி மட்டும் இரண்டு நாள் கூடத்திலேயே பளபளவென்று கிடந்தது. அவரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பனமலையிலிருந்து சம்பந்தி வந்தார். அக்காவின் மாமனார். நைனாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடு, ஒரு வாழைத்தாரும் கொண்டுவந்திருந்தார். சம்பந்தி என்றால் சும்மாவா? நம் பக்கத்தில் சாமிக்கு அடுத்த இடம் அவருக்கு. வாசலில் சம்பந்தி குரல் கேட்டதுமே நைனா பதறி, ஆயுசுப் பழக்கத்தில், "வாங்க சம்பந்தி, வாங்க! டேய், நல்ல நாக்காலியா எடுத்துப் போடு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி தானே பார்த்து, வீட்டிலேயே நல்ல நாற்காலியில் போய்ச் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

நைனாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்திருங்கள் என்று சம்பந்தியிடம் சொன்னால் அவமரியாதை. ஏன் என்று காரணம் சொன்னால் அதைவிட அவமரியாதை. இன்னும் யாரும் பயன்படுத்தாத நாற்காலிதான், ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சம்பந்தி கிளிகளைத் தடவிக்கொண்டு, "பேஷா இருக்குதே. ஒக்காரவும் சொகம், எழுந்திருக்கவும் கைப்புடி" என்று பாராட்டினார். நைனாவுக்கு வியர்த்தது. நான் விசிறியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், சிரிப்பை மறைக்க.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் உள்ளே வந்தான். பார்த்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "செட்டியாரே, மூடியத் தெறந்து காட்டினீங்களா? தாமர அவரு அடியில மாட்டிக்கிச்சே!" என்றான் நைனாவிடம்.

சம்பந்தி எழுந்தார். மூடியைத் தூக்கினார். ஓட்டையைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். சம்பந்தம் முறிந்தது, அக்கா பெட்டியோடு வந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இது அதுக்கா?" என்றார் சம்பந்தி மெதுவாக.

"ஆமாங்க" என்றார் நைனா, தரையைப் பார்த்து. "குந்த முடியல சம்பந்தி. அதான் சாப்புடறதில்ல."

நாலு மாதமாக எவரிடமும் சொல்லாததை அந்த ஒரு நொடியில் சொல்லிவிட்டார். சம்பந்தி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசமா வேப்பமரத்துல கவுறு கட்டி வெச்சிருக்கேன்" என்றார். "அதப் புடிச்சிக்கினுதான் எழுந்திருக்கறேன். மாடு கட்டற கவுறுன்னு ஊட்ல சொல்லி வெச்சிருக்கேன். எங்க ஊட்ல மாடே இல்ல, எவனும் கேக்கல."

நைனா சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு சத்தம் வந்தது. "அந்தக் கவுறு நம்ம கடைல வாங்கினதா?" என்றார். "வேற எங்க? பொண்ணு எடுத்த ஊடாச்சே" என்றார் சம்பந்தி. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்குத் தன் வேலையைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று வருத்தம்.

அன்றைக்குச் சம்பந்தி ஊருக்குத் திரும்பவில்லை. நாற்காலி கொல்லைக்குப் போயிற்று. மறுநாள் காலையில் அதில் யார் முதலில் உட்காருவது என்ற கேள்விக்கே இடமில்லை, விருந்தாளிக்குத்தானே முதல் உரிமை. சம்பந்தி தட்டிக்குள்ளிருந்து ராஜ தோரணையில் வெளியே வந்து, "எனக்கும் ஒண்ணு அடிச்சிக் குடு ஆசாரி. கிளி வேணாம், மயில் போடு" என்றார். சம்பந்தி உட்கார்ந்ததில் உட்காரமாட்டேன் என்று சொன்னால் நைனாவுக்கு மரியாதை என்ன ஆவது? அவரும் போனார். அன்று மத்தியானம் ரசம் சோறு இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கவேண்டாம் என்று நானும் சம்பந்தியும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பனமலைக்குக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

லீவு முடிவதற்குள் ஏகாம்பரத்துக்கு ஆளைத் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, அக்குளுக்குள் கையைக் கொடு, அவசரப்படாதே. மரம் தூக்கிப் பழகியவன், சீக்கிரம் பிடித்துக்கொண்டான். நான் கிளம்ப வேண்டிய அன்று காலையில் வழக்கம்போல் கட்டிலருகே போனேன். நைனா கையை நீட்டித் தடுத்தார்.

"நீ தள்ளி நில்லு. ஏகாம்பரம் தூக்கட்டும். நாளைக்கு நீயா இருக்கப் போற?"

ஏகாம்பரம் குனிந்து, சொல்லிக்கொடுத்தபடியே செய்தான், ஒரு பிசகும் இல்லை. நைனா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, "பஸ்ஸுக்கு நேரமாவுது, போ" என்றார். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, பொறாமையும் வந்தது.

ஊரிலிருந்து கிளம்பிய நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு விடுதியில் புதிதாக வந்திருந்த ஒரு கிழவரைத் தூக்கினேன். பெயர்கூட இன்னும் தெரியாது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து நிமிர்த்தியதும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டேன். நைனாவின் கனமேதான். ஏதாவது தவறா என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை, இன்று மழை வராது போலிருக்கிறது என்றேன்.