சீட்டின் தலையில் மூன்று வார்த்தை

எஸ்.டி.டி. பூத்தில் உட்காருகிறவளுக்கு இருப்பது ஒரு வாய்தான். அதை வைத்துக்கொண்டு தெரு முழுக்கப் பேச வேண்டும். அடுத்தவர் பேச்சைச் சுமந்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அஸ்தினாபுரத்தில் பாயின் போன் கடையில் சேர்ந்தபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள், வாயைத் திறக்கவே கூச்சம். வீட்டில் போன் இல்லாதவர்களுக்கு வரும் சேதியைச் சீட்டில் எழுதி, அவர்கள் வந்ததும் படித்துக் காட்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெண் சுருக்கிச் சுருக்கிச் சொல்லியே வேலையை இழந்தவள். பாய் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு வார்த்தை மாறலேன்னாதான் சீட்டு தலையில 'வேர்ட் ஃபார் வேர்ட்'னு போடணும். போட்டுட்டு மாத்திச் சொன்னா, வேற ஆளைப் பாத்துக்குவேன்மா." குழந்தையோடு உட்காரச் சம்மதிக்கிற வேலை எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

பெத்தவ திட்டு

முதல் சீட்டே ஆட்டோக்காரர் ஒருவருக்கு. பெரிய மீசை. ஊரிலிருந்து அவர் அம்மா பேசியதை, முகத்தைச் சீட்டால் மறைத்துக்கொண்டு படித்தேன்: "டேய் தடிமாடு, பொண்டாட்டி வந்ததும் பெத்தவ செத்துட்டாளா?" மெதுவாக எட்டிப் பார்த்தேன். மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"யக்கா, எங்கம்மா எதிர்ல நின்னுகினு பேசறா மாதிரியே கீது. இன்னொரு தபா திட்டுக்கா!"

சொல்லாதீங்க

எங்கள் தெரு டெய்லரின் மனைவி கோபித்துக்கொண்டு கோவிலம்பாக்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஒருநாள் போன் செய்தாள். அவள் பேசப் பேச எழுதினேன். அன்று சாயங்காலம் டெய்லரிடம் படித்தேன்: "நான் வரமாட்டேன்னு சொல்லுங்க. சாப்பிட்டாரான்னு கேட்டேன்னு சொல்லாதீங்க. பச்சைப் புடவையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வேணாம், அதையும் சொல்லாதீங்க."

டெய்லர் அப்படியே பஸ் ஏறிவிட்டார். மறுநாள் பச்சைப் புடவையில் வந்து நின்றாள் அவள்.

"சொல்லாதீங்கன்னதையும் சொல்லிட்டீங்களாக்கா? நல்லவேளை!"

இங்கிலீஷ் போன்

பக்கத்து மாடியில் வாடகைக்கு இருந்த ஸ்டெல்லா, வேலைக்கு எழுதிப் போட்ட இடத்திலெல்லாம் எங்கள் பூத் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். தினமும் வந்து, "அக்கா, ஏதாவது?" என்பாள். பாய் தொழுகைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் போன் வந்தது. முழுக்க இங்கிலீஷ்! யாரோ கம்பெனிக்காரர் கடகடவென்று பேசினார். எனக்கு வியர்த்துவிட்டது. வேலை கிடைத்ததா, இல்லையா? தப்பாக எழுதினால் அவள் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "சார், ஸ்லோ! ஒன் ஒன் வேர்டு!" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தமிழ் எழுத்திலேயே எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினேன். "கரெக்ட்" என்றார். அப்புறம்தான் சீட்டின் தலையில் அந்த மூன்று வார்த்தையைப் போட்டேன்.

பாய் வந்ததும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினேன். மூச்சு வாங்க, அர்த்தம் தெரியாமலே படித்தேன்: "வீ ஆர் ஹேப்பி டு செலக்ட் யூ. கம் டுமாரோ, டென் ஓ கிளாக், வித் ஒரிஜினல்ஸ்."

ஸ்டெல்லா போட்ட கூச்சலில் என் மகள் வீறிட்டாள். ஸ்டெல்லா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கூச்சல் கேட்டு மேலே ஓடி வந்த பாய், சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இனிமே உன்னைப் போகச் சொன்னாலும் போயிடாதம்மா!"

இன்றும் என் வீட்டுக்காரரிடம் நான் சொல்ல நினைப்பதில் பாதிதான் வெளியே வருகிறது என்பதால், என் பேச்சையே ஒரு சீட்டாக நினைத்தால் அதில் மட்டும் 'வேர்ட் ஃபார் வேர்ட்' என்று போட எனக்குக் கை வருவதில்லை.