பெத்த அப்பனே வந்தாலும்

பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தவள் நல்லம்மாள். பிறகு சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைக் காப்பகம் நடத்தினாள். இப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் அறக்கட்டளையின் காப்பகங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு; அதில் ஒன்றை அவளே நடத்துகிறாள். இத்தனை வருஷமாகியும் ஊருக்கு அவள் ‘புள்ளை பாத்துக்கற அக்கா’தான். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, சுண்டல் கொடுத்து, சண்டை தீர்த்து, வீட்டுப்பாடம் எழுதவைத்து, அம்மாக்காரிகள் மில்லிலிருந்து வரும்வரை கட்டி மேய்ப்பதை யார் வேலையென்று மதித்தார்கள்? “சும்மா உக்காந்து பாத்துக்கறதுதானுங்களே” என்பார்கள். ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டுமே, தெரியும் சேதி.

காப்பகத்தில் ஒரு சட்டத்தில் மட்டும் அவள் கறார். பிள்ளையைச் சேர்த்தவர் சொன்ன ஆளைத் தவிர யாரோடும் பிள்ளையை அனுப்பமாட்டாள். இந்த ஊரில் அது எடுபடுமா? சித்தப்பன் வருவான், பக்கத்து வீட்டுக்காரன் பைக்கில் வருவான். “நம்ம புள்ளைதானுங்க, அனுப்புங்க” என்பார்கள். மறுத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அம்மாபேட்டையில் ஒருமுறை, குடித்திருந்த மாமனோடு அங்கிருந்த ஆயா ஒருத்தி ஒரு பிள்ளையை அனுப்பிவிட, கடைசியில் அது பஸ் ஸ்டாண்டில் தனியாக அழுதுகொண்டு கிடந்தது. அன்றைக்குப் போட்ட சட்டம்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் தாடி வைத்த ஆள் ஒருவன் பெரிய பொம்மையோடு கேட்டருகே வந்து நின்றான்.

“ஏனுங்க, இனியாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“நீங்க யாருங்க தம்பி?”

“அவங்கப்பனுங்க, பிரபாகரு. ரிக் வண்டியில இருக்கறனுங்க.”

போர்வெல் போட வடக்கே போகிற ரிக் வண்டியில் ஏறினால் ஊர் திரும்ப ஒரு வருஷம்கூட ஆகும். இனியா எல்கேஜி. அவள் அம்மா ஸ்ரீதேவி ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறாள். அப்பனை நல்லம்மாள் கண்டதே இல்லை. பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினாள். இனியா தாடியைப் பார்த்தாள், நல்லம்மாள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அம்மணி, இது யாரு?”

“தெரியாது.”

“தாடிய எடுத்தாத் தெரிஞ்சுக்குமுங்க” என்றான் அவன். போனில் பழைய படத்தைக் காட்டினான். அதில் மழமழவென்று ஒருவன் கைக்குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்ரீதேவிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். இவன் அப்பன்தான் என்று நல்லம்மாளின் மனசு சொல்லிற்று. மனசு சொன்னதைக் கேட்பதென்றால் சட்டம் எதற்கு?

“ஸ்ரீதேவி வர்ற வரைக்கும் உள்ள வந்து உக்காருங்க தம்பி. பெத்த அப்பனே வந்தாலும் அவ சொல்லாம அனுப்பமாட்டனுங்க.”

“என்ற புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் உத்தரவு வாங்கோணுங்களா?”

உள்ளே வர மறுத்து ரோட்டிலேயே நின்றான். தெரு கூடி வேடிக்கை பார்த்தது. இருட்டுகிற நேரத்தில் வந்த ஸ்ரீதேவியாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், “ஏனுங்கக்கா, இப்பிடி நாலு பேரு பாக்க அவர நிக்க வெச்சுட்டீங்களே” என்றாள். “இனி எம்புள்ளை இங்க வராது” என்றான் அவன். மறுநாள் அறக்கட்டளைக்காரர்களும் போனில், கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே என்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பிள்ளை தொலைந்தால் இவள் கழுத்தைப் பிடிப்பார்கள், தொலையாமல் காத்தாலும் இவள் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீதேவி பிள்ளையோடு வந்து நின்றாள்.

“அவரு வண்டிக்குப் போயிட்டாருங்கக்கா. வேற எங்கீங்க உடறது? கேட்டா, புள்ளை எங்கம்மா ஊட்ல இருக்குதுன்னு சொல்லிக்கறனுங்க.”

“பொய் சொல்லி இங்க உட வேண்டாம் கண்ணு. அவருக்குப் போன் போடு.”

போனை நல்லம்மாளே வாங்கிப் பேசினாள். அந்தப் பக்கம் ரிக் இரைச்சல். விஷயத்தைச் சொன்னாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தாள். அவன் இரைச்சலை விட்டுத் தள்ளி நடந்துபோய்ப் பேசினான்.

“உடுங்கக்கா, அங்கயே இருக்கட்டும். அன்னைக்கு நீங்க மறிச்சதுகூடப் பெருசில்லீங்க. தாடிய எடுத்துட்டுத்தான் அத்தன நாளும் ஊட்ல இருந்தேன். பஸ் ஏறுற வரைக்கும் அந்தப் புள்ளை என்னை மாமான்னுதானுங்க கூப்பிட்டுச்சு.”

நல்லம்மாளுக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. பெத்த அப்பனைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்துவைப்பதும் என் தலையில்தானா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே, “சாயங்காலமானா என்ற போனுக்கு வீடியோவுல கூப்பிடுங்க. மறந்தீங்கன்னா நானே கூப்புடுவேன்” என்றாள்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டான். இனியா போனைப் பார்த்து “ம்” என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு இன்னொரு “ம்”. அப்புறம் மற்ற பிள்ளைகளோடு ஓடிவிட்டாள்.

“வரமாட்டேங்கறா தம்பி.”

“கூப்புடாதீங்க, வெளையாடட்டும். போனை மட்டும் அவ பக்கமா திருப்பிப் புடிங்க, பாத்துக்கறேன்.”

நல்லம்மாள் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டல் பாத்திரம் கழுவாமல் கிடந்தது, இரண்டு பையன்கள் சண்டைக்கு நின்றார்கள், கை கடுத்தது. மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.