வந்துட்டாக

திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஞானதுரை குனிந்தபடியே ஓடுகிறார். நிமிர்ந்தால் குலை தலையில் இடிக்கும். வரப்புவரை போய்த் திரும்பி, தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி, மூச்சிரைக்க நின்று, ஆளில்லாத பக்கம் பார்த்து, "ஐயா... வந்துட்டாய்ங்க" என்கிறார். குலை வெட்டிக்கொண்டிருக்கும் மாயக்காள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. "மூச்சு பத்தலண்ணே. இன்னொருக்கா ஓடிட்டு வாங்க" என்பாள். சின்னமனூர்ப் பக்கம் படப்பிடிப்பு வேன் வந்து நின்றுவிட்டால் அந்தத் தோட்டத்தில் இப்படித்தான் பொழுது போகும்.

கிராமத்துப் படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பசுமாடு வேண்டும், பம்புசெட்டு வேண்டும், ஓடிவந்து சேதி சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஞானதுரை. ஐம்பது தாண்டிய உடம்பு, ஆனாலும் 'ஆக்சன்' என்ற சொல் காதில் விழுந்தால் கால் தரையில் நிற்காது. பண்ணையார் வீட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார், பஞ்சாயத்துக்கு ஓடியிருக்கிறார், ஒரு படத்தில் கதாநாயகியின் கல்யாணத்தையே ஓடிவந்து நிறுத்தியிருக்கிறார். எத்தனை படம் என்று கேட்டால், "அது கெடக்கு போங்க" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

முதல் படத்தில், பெற்ற தாய் சொல்லிக்கொடுத்த மாதிரி, "ஐயா வந்துட்டாக" என்றுதான் சொன்னார். இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "கிராமத்து வாசனையே இல்லையேங்க. வந்துட்டாய்ங்கன்னு சொல்லுங்க." இந்தப் பக்கம் மதிப்பான மனுசர் வந்தால் 'வந்துட்டாக'. தேங்காய் திருட வரும் களவாணிப் பயல்கள்தான் 'வந்துட்டாய்ங்க'. பண்ணையாரைப் போய் அப்படிச் சொல்வதா என்று மனசு கூசியது. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் எல்லாப் படத்திலும் அதையேதான் கேட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. படம் வந்தபோது பார்த்தால் குரலே அவருடையது இல்லை. சென்னையில் யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து பேசியிருந்தான். "வாயி இவுக வாயி. சத்தம் எவன் பெத்த பிள்ளையோ" என்றாள் மனைவி ஜெசிந்தா. அந்தோணியார் கோவில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை பைபிள் வாசகம் கேட்கவைக்கும் தொண்டை அது. மனுசனுக்கு ஆசை இருக்காதா? "சாகுறதுக்குள்ள ஒருக்கா நம்ம சத்தத்தத் தியேட்டர்ல கேட்டுப்புடணும்" என்பார். ஊரில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஜெசிந்தா மட்டும் சிரிக்கமாட்டாள்.

போன வருசம் ஒரு கூட்டம் வந்தது. சினிமாக்காரர்களையே கேலி செய்யும் சிரிப்புப் படமாம். பட்டணத்து இயக்குநர் ஒருவன் கிராமத்தானுக்குக் கிராமத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற காட்சி. "ஆத்தாடி, இது நம்ம கதையால்ல இருக்கு" என்று ஞானதுரைக்கே சிரிப்பு வந்தது. இயக்குநர் இனியன் சின்ன வயசுக்காரர், தன்மையானவர். "அண்ணே, உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படியே சொல்லுங்க. டப்பிங் கிடையாது. உங்க குரல்தான்" என்று ஞானதுரையின் சட்டைக்குள் சின்ன மைக்கைக் குத்தச் சொன்னார்.

ஞானதுரை அந்தோணியார் கோவில் மைதானத்தில் ஓடிவந்தார். நின்றார். மூச்சிரைத்தார். "ஐயா வந்துட்டாய்ங்க."

"உங்க பேச்சுண்ணே, உங்க பேச்சு."

மறுபடி ஓடினார். மறுபடியும் வந்துட்டாய்ங்க. வேண்டுமென்றா செய்கிறார்? ஓடி நின்று மூச்சு வாங்கினாலே வாய் அந்தச் சொல்லைத் தானாகத் துப்பியது. மனசுக்குள் நூறு தரம் 'வந்துட்டாக' சொல்லிக்கொண்டு ஓடியும் பார்த்தார். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் இனியன் அவர் தோளில் கைபோட்டு, "பரவாயில்லண்ணே, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

ஞானதுரைக்கு முகம் செத்துப்போனது. எவன்மேல் கோபப்படுவது? தன் நாக்குத்தானே. வேப்பமரத்தடியில் கூட்டக் காட்சிக்கு வந்திருந்தவர்களோடு போய் உட்கார்ந்தார். கூட வந்திருந்த ஜெசிந்தா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

அந்நேரம் பங்குச்சாமி, அந்தக் கோவில் பாதிரியார், வேடிக்கை பார்க்க ஸ்கூட்டரில் வந்தார். ஞானதுரை சட்டென்று எழுந்து, தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "ஏப்பா, எந்திரிங்க. சாமி வந்துட்டாக" என்றார்.

அவர் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்ற மறந்திருந்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த, சத்தம் பதிகிறவர் கையைத் தூக்கினார். இனியன் ஓடிவந்தார். "அண்ணே, இப்ப என்ன சொன்னீங்க?"

"எப்ப?" என்றார் ஞானதுரை.

பிறகென்ன, காட்சியில் ஐயா போய்ச் சாமி வந்தது. பங்குச்சாமியும் முகம் சுளிக்காமல் ஸ்கூட்டரைத் தெருமுனைவரை உருட்டிக்கொண்டு போய் மூன்று தடவை வந்தார். அவர் நிஜமாகவே வர வர, ஞானதுரையும் நிஜமாகவே சொன்னார்.

போன வாரம் தேனித் தியேட்டரில் அந்தப் படம். ஊரே போயிருந்தது. ஞானதுரை சலவைச் சட்டையில் விறைத்து உட்கார்ந்திருந்தார். ஒருவேளை கடைசியில் குரலை மாற்றியிருந்தால் என்ற பயம் அவருக்கு. திரையில் பட்டணத்து இயக்குநர் தாம்தூம் என்று குதிக்க, அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. வேப்பமரம் வந்தது. ஸ்கூட்டர் வந்தது. பிறகு சுவர் அகலத்துக்கு அவர் முகம்.

"ஏங்க, பாருங்க. நீங்கதான் வர்றீக" என்று ஜெசிந்தா விலாவில் இடித்தாள்.

அவர் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, காதுமடலைக் கையால் முன்னால் குவித்துக்கொண்டிருந்தார்.