பல்லுக்காக ஒரு போட்டோ

எங்கள் கல்யாணத்தில் எடுத்த பிலிம் சுருள் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. எழுபதுகளின் கடைசியில், நான் ஆரணிக்கு மருமகளாக வந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, "ஸ்டுடியோவுக்குப் போயி ரெண்டு பேரும் ஒண்ணா எட்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் பல்லைப் பார்த்தேன். காலையில் தறியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை வெற்றிலை. பல்லெல்லாம் செங்கல் நிறம்.

"இந்தப் பல்லோட நான் வரமாட்டேங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்ப நீயே வெளுத்துக் குடு" என்று வாயைத் திறந்து காட்டினார்.

அன்றே நெல் மிஷினிலிருந்து ஒரு முறம் உமி வாங்கி வந்தேன். கொல்லையில் கருக்கி, ஆறவைத்து, உப்பு சேர்த்து அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கரிய தறியில இருக்கற பாவு நூலு பக்கம் எட்துகினு போயிடாத. மஞ்சப் பட்டு, ஒரு விரல் பட்டாலும் போச்சு."

அதனால் கிணற்றடியில்தான் பல் துலக்கல். சீயக்காய் போட்டுக் கை கழுவினால்தான் தறிக்கு விடுவேன்.

வெற்றிலையை விட்டதுதான் அவருக்குப் பெரும்பாடு. கிராம்பை மென்று சமாளித்தார். நாலாம் நாள் பொறுமை போய்விட்டது. முடிவெட்டும் கடையில் யாரோ சொன்னார்களென்று, எனக்குத் தெரியாமல் எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பல்லில் தேய்தேயென்று தேய்த்துவிட்டார். மத்தியானம் மோர் சாதத்தை ஒரு வாய் வைத்ததும் துள்ளி எழுந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"பல்லு கூசுதுடி! ஜல்தியா வெளுக்கும்னு பாத்தேன், பேஜாராப் போச்சு."

இரண்டு நாள் குழைந்த சோறும் வெதுவெதுப்பான ரசமும்தான். எலுமிச்சம்பழத்தையெல்லாம் ஒளித்து வைத்தேன். கூச்சம் அடங்கியதும் மறுபடி உமிக்கரி, விரலால், மெதுவாக. மூன்றாவது வாரம் ஒரு காலையில் வாய் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். முத்து என்று சொல்ல மாட்டேன். புழுங்கலரிசி வெள்ளை. ஆனால் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் மாளிகை வரைந்த திரைக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், பல்லு தெரியுது. வாய மூடிக்கோங்க."

அன்றைக்கெல்லாம் படத்துக்கு விறைப்பாக நிற்பதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் அசையவில்லை.

"பல்லுக்குத்தாங்க போட்டோவே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடினேன்.

"அம்மா, நீங்களும் சிரிச்சிகினு இருந்தா எப்டி?" என்று கேட்ட போட்டோக்காரரும் சிரித்துவிட்டார். அப்படியே பொத்தானை அழுத்தினார்.

ஒரு வாரத்தில் படம் வந்தது. அதில் அவர் அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்திருக்கிறேன். வேறொன்று எடுக்கச் சொல்லலாமா என்று மாமியாரிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? எல்லார் வூட்டுப் படத்துலயும் போலீசு புட்ச்சிகினு வந்த மாரி நிக்கிறாங்க. இதுலதான் ரெண்டு பேரும் மனுசங்களா இருக்கீங்க" என்று சொல்லி, கூடத்துச் சுவரில் தானே ஆணி அடித்தார்.