பெடலுக்குள் என் கை

எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடம் ரிதம் கிட்டார் வாசித்தேன். லீடு வாசிப்பது என் மனைவியின் தம்பி. அவன் விரல்கள் கம்பிகளில் மேலும் கீழும் ஓடும். பாட்டு சரியாமல் அடியில் தாங்கிப் பிடிப்பது நான். ஜனங்கள் அவனைத்தான் பாராட்டுவார்கள். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. தாளக் கணக்கு என்னிடம் இருந்தது, அது போதும். கப்பலூரில் போல்ட் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். அளவில் நிற்காததை எடுத்துத் தள்ளிவிடுவது வேலை. எண்ணாமல் மாடிப்படிகூட ஏறத் தெரியாது.

போன ஜூலையில் மச்சினன் ஒரு பெடல் வாங்கினான். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். காலால் மிதிக்க இரண்டு கட்டைகள். ஒன்றை மிதித்தால் வாசித்த சத்தம் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வரும். மற்றது லூப். அதை மிதித்துவிட்டு வாசித்து, முடிந்ததும் மறுபடி மிதித்தால், வாசித்தது அப்படியே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். மிதிக்கிற நேரம்தான் முக்கியம். தாளத்தின் முதல் தட்டில் கால் விழாவிட்டால் ஒவ்வொரு சுற்றும் நொண்டும். அவனுக்குக் கால் விழவே இல்லை.

"அத்தான், நீங்க எண்ணிக்கிட்டே ரிதம் வாசிங்க. நான் மிதிச்சுப் பழகுறேன். உங்களை மாதிரி கணக்கு மதுரையில யாருக்கு வரும்?"

ஆறு வாரம், செவ்வாயும் வெள்ளியும், மாலை நான்கு மணிக்குக் கோச்சடையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு பாட்டாக வாசித்தேன். இரண்டாவது சரணத்துக்குப் போனால் கையைக் காட்டி நிறுத்துவான்.

"முதல் சரணம் போதும் அத்தான். பழகத்தானே."

மொத்தம் இருபத்துமூன்று பாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு காகிதத்தில் பாட்டின் பெயரையும் பக்கத்தில் ஒரு எண்ணையும் எழுதிக்கொண்டான். ஒழுங்காக வேலை செய்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். எதற்கு அந்த எண் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சபையார் விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் போன் செய்தான். "மேடையில இடம் பத்தல அத்தான். பாடுறவங்க ஆறு பேரு கூடுதலா வாராங்க. இந்த ஒரு வாட்டி அக்காவோட உக்காந்துக்கங்க."

நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு தொடங்கியது. அவன் லீடு வாசித்தான். அதற்கு அடியில் ரிதம் போய்க்கொண்டிருந்தது. மேடையில் வேறு கிட்டார் இல்லை. அவன் காலடியில் பெடல் இருந்தது. என் வலது கட்டைவிரல் ஒருமுறை இயந்திரத்தில் நசுங்கியது. அன்றிலிருந்து கை கீழே இறங்கும்போது எப்போதாவது அது தடித்த கம்பியில் லேசாக இடித்து 'டுப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தது. ஒன்பது முறை எண்ணினேன். மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது நான். என்னை மட்டும் கீழே உட்காரவைத்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே ஏலம் நடந்தது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் வேப்பமரத்தடியில் இருந்தன. மச்சினன் கையில் ஒரு பரங்கிக்காயோடு நின்றான்.

"ரிதம் யாரு வாசிச்சது மாப்ள?"

"நீங்கதான் அத்தான்," என்று சிரித்தான். "உக்காந்த இடத்துலயே மேடையில வாசிக்கிறதுக்கு அம்புட்டுப் பேருக்கும் குடுத்து வைக்குமா?"

நான் சிரிக்கவில்லை. அவன் பரங்கிக்காயை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"மூணாவது சரணம் வந்தா நீங்க ஓடுறீங்க அத்தான். ரெண்டு வருசமா. பாடுறவங்களுக்கு மூச்சு வாங்குது. என்னைத்தான் வந்து கேக்குறாங்க. முதல் சரணத்துல அப்படியே கல்லு மாதிரி நிக்கிறீங்க. அதை மட்டும் எடுத்து வச்சேன்."

"ரெண்டு வருசமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்ககிட்டப் போயி கணக்குத் தப்புன்னு."

"போல்ட்டைத் தள்ளுறப்ப போல்ட்டுகிட்ட யாரும் சொல்ல மாட்டோம். நான் போல்ட்டாடா?"

பக்கத்தில் சேவல் ஏலத்தை மூன்றாம் தரம் கூவி முடித்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவன் மெல்லச் சொன்னான்: "அக்காவுக்கும் தெரியும்."

வீட்டில் மனைவியைக் கேட்டேன். மறைக்கவில்லை. "தெரியும். சொன்னா ஒத்துக்குவீங்களா? குக்கர் அஞ்சு விசில் அடிச்சிருச்சுன்னா, நாலுதான்னு நிக்கிற ஆளு." ஆறு வாரம் எங்களுக்குக் காப்பியும் வடையும் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போய், என்னுடைய வாசிப்பு முழுவதையும் அழிக்கப்போகிறேன் என்றேன். தகராறு செய்யாமல் பெடலையும் காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தான். "காகிதத்துல இருக்கிற நம்பரைப் பெடல்ல வச்சுட்டு, லூப் கட்டையை ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிங்க. போயிரும்."

வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். அழிப்பதற்கு முன் அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. முதல் பாட்டை ஓடவிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே கூட வாசித்தேன். முதல் சரணத்தில் இரண்டு கிட்டாரும் ஒரே கிட்டாராகக் கேட்டன. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் பெடல் பின்தங்கியது. மின்சாரம் குறைகிறது என்று நினைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து அளந்தேன். பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் நாற்பத்தெட்டு விநாடி எடுத்தது. நான் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்து நான்கு. இன்னொரு பாட்டு, பிறகு இன்னொன்று. மதியச் சாப்பாட்டுக்கு முன் பதினொரு பாட்டு பார்த்தேன். ஒன்றில்கூட மூன்றாவது சரணத்தில் நான் நிற்கவில்லை. கை மட்டும் ஓடியிருந்தால் பொறுத்திருப்பேன். வாயில் எண்ணுகிற ஒன்று, இரண்டு, மூன்று, நான்கும் கையோடு சேர்ந்து ஓடியது. ஓடுவது எனக்குத் தெரியவே இல்லை. மச்சினன் ஏமாற்றினான், மனைவி உடன்பட்டாள். அந்த இருவரையும் திட்ட முடிந்தது. எண்ணிக்கையே என்னை ஏமாற்றியதை யாரிடம் போய்ச் சொல்வது?

எதையும் அழிக்கவில்லை. வியாழக்கிழமை பெடலைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"அழிச்சுட்டீங்களா அத்தான்?"

"இல்ல."

அவன் முகம் தெளிந்தது. "அப்ப கோவம் போயிருச்சு."

"போகல. நீ முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எந்திரிச்சு இடம் விட்டிருப்பேன்."

அவன் பெடலை வாங்கிக் கீழே வைத்தான். எழுந்திருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு மேடையில் என் நாற்காலி இருக்காது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையும் அங்கே இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது.

"கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணுகூட இதுல இல்ல. பெடலை மாட்டு. முதல் சரணம் மட்டும் வாசிக்கிறேன்."

நாலு வரை எண்ணினேன். சரியான இடத்தில் மிதித்தான்; பழகிவிட்டான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னேன். அவன் மனைவி காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். ஏழு பாட்டு முடிந்ததும் அதைத் தொடாமல் எழுந்து வந்தேன்.